ஹெவி லைசென்ஸ் எடுத்தபின் ஏறி இறங்கிய மூன்று லாரி ஆபீஸ்கள்

புதுசாக ஹெவி லைசென்ஸ் வாங்கிய பையன்கள் இரண்டு பேர் போன வாரம் அடுத்தடுத்து போன் செய்து, "அண்ணே, உங்க ஆபீஸ்ல சேரலாமா, எப்படி இருக்கும்" என்று கேட்டார்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். நான் இப்போது ஓட்டும் ஆபீஸ் பெயரைப் போடவில்லை, அதற்கு முன் பார்த்த இரண்டின் பெயரும் கிடையாது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு இந்த மூன்று வகையும் தெரிந்ததுதான்.

கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் முடிந்தால்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) தருவார்கள், வயசும் 20 ஆகியிருக்க வேண்டும். எனக்கு 22 வயதில் கிடைத்தது. டிரைவிங் ஸ்கூலில் ஓட்டியது ஒரு பழைய ஆறு சக்கர வண்டி, காலி வண்டி, அதுவும் பாதி நாள் பின்னால் ஐந்து பேர் நின்றுகொண்டு தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். வண்டியும் சரக்குமாக 28.5 டன் வரை போகிற பத்து சக்கர டாரஸ் ஒரு இறக்கத்தில் முதுகில் கைவைத்துத் தள்ளினால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் காட்டவில்லை. லைசென்ஸ் கையில் இருக்கிறது, வேலை தெரியாது, அந்த நிலைமையில்தான் ஆபீஸ் ஆபீஸாக ஏறினேன்.

நாமக்கல் என்றவுடன் எல்லோரும் கேஸ் டேங்கர் என்பார்கள். அது இப்போதைக்கு வேண்டாம். அபாயகரமான சரக்கு ஏற்றுவதற்கு மூன்று நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் தனியாகப் பதிவு வாங்க வேண்டும், வாங்கினாலும் அனுபவம் இல்லாதவனை டேங்கரில் உட்கார வைக்க மாட்டார்கள், உட்கார வைக்கவும் கூடாது.

முதல் ஆபீஸ் டிரெய்லர். மாசம் முப்பதாயிரத்துக்குக் குறையாது என்றார்கள், பேட்டா (தினப்படி) தனி. நான் அப்போதே மனசுக்குள் பைக் வாங்கிவிட்டேன். "லைசென்ஸ் ஒரிஜினல் கொண்டு வந்திருக்கியா தம்பி, குடு, பீரோவுல வச்சுக்கறோம், வேலைய விட்டு நிக்கறப்ப வாங்கிக்க" என்று கணக்குப்பிள்ளை கை நீட்டியபோதுதான் கொஞ்சம் விழித்துக்கொண்டேன். அட்வான்ஸ் இருபத்தைந்தாயிரம் வேண்டுமா என்றும் அவரே கேட்டார், நான் கேட்கவே இல்லை. லைசென்ஸ் அவர் பீரோவில், கடன் அவர் நோட்டில், அப்புறம் நான் எந்த ஆபீஸுக்குப் போக முடியும்?

அங்கே இன்னொரு டிரைவர் கணக்கு முடிக்க வந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். அவருடைய நோட்டை எட்டிப் பார்த்தேன். வரவுப் பக்கம் இரண்டு வரி, பற்றுப் பக்கம் ஒரு முழுப் பக்கம். மைலேஜ் கணக்குக்கு மேல் செலவானதென்று டீசல் குறைவு 38 லிட்டர், டயர் கட் அடித்ததில் பாதி, சரக்கு குறைந்ததென்று பார்ட்டி (சரக்குக்காரர்) பிடித்த ஷார்ட்டேஜ், எங்கோ சிக்னலில் விழுந்த ஆன்லைன் பைன். முப்பதாயிரம் என்று சொன்ன சம்பளத்தில் அந்த மனிதர் கைக்கு என்ன போனதோ, பணத்தை எண்ணாமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எண்ணவில்லையே என்றுதான் எனக்கு உறுத்தியது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் திரும்பப் போகவில்லை.

இரண்டாவது, வீட்டுக்குப் பக்கத்திலேயே எம்-சாண்ட் டிப்பர். ராத்திரி வீட்டுச் சாப்பாடு, அம்மாவுக்குச் சந்தோஷம். ஒரு நடைக்கு இவ்வளவு என்று காசு, ஆகவே எல்லோரும் பறப்பார்கள், நானும் பறந்தேன். கிரஷரில் எடை மேடைப் பக்கமே போகாமல் வண்டி வெளியே வரும். ஐந்தாவது வாரம் ஆர்.டி.ஓ. பிடித்தார், ஐந்து டன் அதிகம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடு என்றால் இருபதாயிரம், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரம், கூட்டிப் பாருங்கள், முப்பதாயிரம். ஓனர் பாதியை என் தலையில் எழுதப் பார்த்தார். "ஓட்டினது நீதானே" என்றார். சட்டத்திலும் ஓட்டியவன் பெயர், ஓட்டச் சொன்னவன் பெயர் இரண்டுமே வருகிறது, அதனால் அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் எரிச்சல். அந்த மாசக் கூலியை விட்டுவிட்டு வெளியே வந்தேன். டிப்பரைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

மூன்றாவது, இப்போது இருக்கும் ஆபீஸ். நாற்பது வண்டிக்குப் பக்கம், பெரும்பாலும் டாரஸ், நேஷனல் பர்மிட். போகும்போது சேலம், ஆத்தூர் ஆலைகளில் இருந்து ஜவ்வரிசி ஏற்றி நாக்பூர், இந்தூர் போவோம். வடக்கே விரத நாளில் அதைத்தான் சாப்பிடுகிறார்கள், நவராத்திரிக்கு முன்னால் லோடுக்குப் பஞ்சமே இருக்காது. திரும்பும்போது ஆதிலாபாத்தில் பஞ்சு பேல் ஏற்றிக் கொங்கு மில்களுக்கு வருவோம். கிருஷ்ணகிரி தாண்டினால் பெங்களூர், கர்னூல், ஹைதராபாத் என்று நாக்பூர் வரை ஒரே 44-ஆம் எண் சாலைதான், வழி கேட்க வேண்டிய வேலை இல்லை.

இன்டர்வியூ என்று ஒன்றும் கிடையாது. மேனேஜர் பழைய டிரைவர். சாவியைக் கொடுத்து, ஷெட்டில் இரண்டு வண்டிக்கு நடுவில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தச் சொன்னார். நான் இரண்டு தடவை இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து எடுத்தேன். ஓரமாக நின்றவர்கள் சிரித்தார்கள், வேலை போச்சு என்றே நினைத்தேன். இறங்கிப் பார்த்ததற்காகத்தான் எடுத்தாராம், அதை ஆறு மாசம் கழித்துத்தான் சொன்னார். லைசென்ஸில் ஜெராக்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டார்.

முதல் இரண்டு டிரிப் தனியாக அனுப்பவில்லை, ஒரு மூத்த டிரைவரோடு அனுப்பினார்கள். எனக்குப் பாதிப் பேட்டா, அவருக்கு முழுசு. அந்தப் பாதிப் பேட்டாவுக்கு அப்போது முணுமுணுத்தேன், இப்போது நினைத்தால் நான் காசு கொடுத்துக் கற்றிருக்க வேண்டிய விஷயம் அது.

உதாரணத்துக்கு தொப்பூர். தருமபுரியில் இருந்து சேலம் வரும்போது அந்தக் கணவாய் இறக்கம் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். பஞ்சு லோடோடு விடியற்காலையில் வந்தோம், ஸ்டீயரிங் என் கையில். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே அண்ணன் கியர் ராடைத் தட்டி, "இந்த மேட்டுல ஏறுனா எந்தக் கியர்ல ஏறுவியோ, அந்தக் கியர்லயே இறங்கு கண்ணு" என்றார். புகைப் போக்கை அடைத்து இன்ஜினையே பிரேக்காக்குகிற எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டதும் வண்டி உறுமிக்கொண்டே நடந்தது. பிரேக்குக்கான காற்று மீட்டர் முள்ளைக் காட்டி, அது இறங்கினால் எனக்குச் சொல் என்றார். அப்போது ஒரு வண்டி எங்களைத் தாண்டிப் போனது, சத்தமே இல்லாமல். நியூட்ரல். இரண்டு வளைவு தள்ளி பிரேக் லைனிங் கருகுகிற வாசம் கேபினுக்குள் வந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, பீடியை அணைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, டோல்கேட்டில் எங்களுக்கு முன்னால் நின்றது, பின் சக்கரத்தில் இருந்து லேசாகப் புகை.

ஏன் நியூட்ரலில் வருகிறார்கள்? டீசலுக்குத்தான். முதல் ஆபீஸ் நோட்டில் பார்த்தேனே 38 லிட்டர், அதை ஈடுகட்டத்தான். வேடிக்கை என்னவென்றால், இப்போது வருகிற எலக்ட்ரானிக் இன்ஜினில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் அடிப்பதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் ஐட்லிங்கில் ஓடுவதற்காவது டீசல் வேண்டும். அதாவது உயிரையும் பணயம் வைத்து டீசலையும் கூடக் குடிக்க விடுகிறோம். பழைய வண்டியில் பழகிய கை, சொன்னால் கேட்காது.

எங்கள் ஆபீஸில் லோடோடு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர், காலியாக ஐந்து என்று வைத்திருக்கிறார்கள். ஒரு டிரிப்பில் குறைந்தால் பிடிப்பதில்லை, மூன்று டிரிப் சேர்த்துச் சராசரி பார்ப்பார்கள். அப்போதும் முதலில் டயர் காற்றைப் பார், இன்ஜெக்டரைப் பார் என்று ஷெட்டுக்கு அனுப்புவார்கள். மிச்சமானால் பாதி எனக்கு. போன வருடம் மிச்சக் காசு இரண்டு தடவை வாங்கினேன், ஒரு தடவையும் பிடித்ததில்லை. நான் இங்கே இருப்பதற்குச் சம்பளத்தைவிட இந்த ஒரு கணக்குதான் காரணம்.

அதனால் ஆபீஸ் தங்கம் என்று நினைக்க வேண்டாம். குறைகளையும் சொல்கிறேன்.

ஹால்டிங், அதாவது சரக்கு இறக்கக் காத்துக் கிடப்பது, பெரிய தலைவலி. இறக்குமிடத்தில் போய் ரிப்போர்ட் செய்த பிறகு முதல் 48 மணி நேரத்துக்குப் பேட்டா கிடையாது என்பது இவர்கள் சட்டம். நாக்பூரில் பண்டிகை என்று குடோன் பூட்டிக் கிடந்து நாலு நாள் வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்தேன், கிடைத்தது இரண்டு நாள் காசு, நாளுக்கு நானூறு. குளிக்கத் தண்ணீர் கேட்டால் வாட்ச்மேன் முறைக்கிறான். பார்ட்டியிடம் ஹால்டிங் சார்ஜ் வாங்குகிறார்கள், அது முழுசாக டிரைவருக்கு வருவதில்லை. இதைக் கேட்டால் மேனேஜர் போன் பேசத் தொடங்கிவிடுவார்.

தார்ப்பாய் இன்னொன்று. ஜவ்வரிசி ஒரு மூட்டை நனைந்தால் மூட்டையே களியாகிவிடும், அந்த நஷ்டத்தில் பாதி டிரைவருக்கு. சரி, நியாயம் என்று வைத்துக்கொள்வோம், ஆனால் கொடுக்கிற தார்ப்பாயைத் தூக்கி வெயிலுக்குக் காட்டினால் நட்சத்திரம் தெரிகிறது. நான் டூல்ஸ் பெட்டியில் கோணி ஊசியும் சணலும் சைக்கிள் டியூப் துண்டும் வைத்திருக்கிறேன். புதுத் தார்ப்பாய் கேட்டு மூன்று மாசம் ஆகிறது.

ராத்திரி ஓட்டம் பற்றிக் கேட்பீர்கள். மோட்டார் தொழிலாளிக்கு நாளுக்கு எட்டு மணி நேரம், தூர ஓட்டத்துக்குப் பத்து என்று 1961-லேயே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். எந்த லாரியில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? இங்கே பன்னிரண்டில் இருந்து நாலு மணி வரை வண்டி நிற்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு, ஜி.பி.எஸ்.ஸில் பார்த்து மறுநாள் திட்டுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் அதே மேனேஜர் பதினொரு மணிக்குப் போன் செய்து "பார்ட்டி அவசரப்படறான் தம்பி, பாத்துக்க" என்று வைத்துவிடுவார். என்ன பார்த்துக்கொள்வது? நான் நிறுத்திவிடுவேன். இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

பணம் என்று பார்த்தால் மாசம் மூன்று டிரிப் கிடைத்தால் எல்லாம் சேர்த்து இருபத்தைந்து வரும். மழைக் காலத்தில் இரண்டுதான், அப்போது பதினெட்டோடு நிற்கும். டிரெய்லர்காரர்கள் வாயால் சொல்கிற கணக்கைவிடக் குறைவு. பி.எப். பிடிக்கிறார்கள், கட்டியும் இருக்கிறார்கள், போனில் பார்த்துவிட்டேன், நீங்களும் எங்கே சேர்ந்தாலும் இரண்டு மாசத்தில் பார்த்துவிடுங்கள். என் வண்டி 2019 மாடல், கர்னூல் வெயிலில் கேபின் அடுப்பு. 2025 அக்டோபரில் இருந்து தயாரிக்கிற லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் ஆகிவிட்டது, ஆபீஸுக்கும் அப்படி இரண்டு வந்திருக்கிறது, இரண்டும் சீனியர்களுக்கு. என் முறை வரும்போது என் தலை நரைத்திருக்கும்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பழகின டிரைவருக்கு இதைவிடக் காசு தரும் இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. லைசென்ஸ் மை காயாத ஆளுக்கு, கூடவே ஒரு ஆளை உட்கார வைத்து அனுப்புகிற ஆபீஸ் இந்த வட்டாரத்தில் ரொம்ப இல்லை, அந்த ஒன்றுக்கே இரண்டு மார்க். வேறு எங்கே போவதாக இருந்தாலும் சம்பளம் கேட்பதற்கு முன்னால், அன்றைக்குக் கணக்கு முடிக்க வந்திருக்கும் டிரைவர் யாருக்காவது ஒரு டீ வாங்கிக் கொடுத்து அவர் நோட்டைப் பாருங்கள், மேனேஜரிடம் கேட்பதைவிட அது சுலபம்.

போன் செய்த இருவரில் ஒரு தம்பி திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான். காலையில் பத்து மணிக்குள் வந்துவிடு, அதற்கு மேல் மேனேஜர் வசூலுக்குக் கிளம்பிவிடுவார். ஆதார், லைசென்ஸ் ஜெராக்ஸ் போதும். ரிவர்ஸ் எடுக்கச் சொல்வார், அவசரப்படாதே, ஷெட்டில் இடது மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கண்ணாடியில் தெரியாது.