சென்னை 54, தர்மபுரி 81: வாக்காளரை வரவழைக்க எது வேலை செய்யும்?

2024 ஏப்ரல் 18 ராத்திரி எங்கள் அடுக்ககத்து வாட்ச்மேன் ஒரு துணிப்பையோடு ஊருக்குக் கிளம்பினார். தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். மறுநாள் ஓட்டு. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் சீட் கிடைக்காது, நின்றுகொண்டேதான் போகவேண்டும் என்று அவருக்கே தெரியும். "போகாட்டி என்னண்ணே?" என்று கேட்டேன். "பூத்துல நம்ம ஊர்க்காரனே ஏஜென்ட்டா உக்காந்து பேரை டிக் அடிப்பான் சார். டிக் விழலைன்னா பங்காளி வீட்டுல இருந்து போன் வந்துரும்" என்றார். சனிக்கிழமை விரலில் மையோடு திரும்பினார்.

அதே கட்டடத்தின் நாலாவது மாடி சாருக்கு வாக்குச்சாவடி பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில். காலையிலேயே போனார். பட்டியலில் பெயர் இல்லை. பழைய வாடகை வீட்டு முகவரியில், நகரத்தின் மறுகோடியில் பெயர் அப்படியே கிடந்திருக்கிறது. வெயிலில் அவ்வளவு தூரம் போக மனசு வரவில்லை. சாயங்காலம் டிவியில் சென்னை நிலவரத்தைப் பார்த்துவிட்டு, "படிச்சவனுக்குத்தான் சார் பொறுப்பே இல்ல" என்று என்னிடம் சொன்னதும் அவரேதான்.

அன்று தர்மபுரித் தொகுதியில் 81 சதவீதத்துக்கும் மேல் பதிவானது, மாநிலத்திலேயே அதிகம். தென்சென்னையும் மத்திய சென்னையும் 54ஐ ஒட்டி நின்றன. வெள்ளிக்கிழமை தேர்தல் வைத்ததால் மூன்று நாள் லீவில் ஊர் சுற்றப் போய்விட்டார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தல் செவ்வாய்க்கிழமை நடந்தது. அப்போதும் சென்னை 60ஐத் தொடவில்லை.

இதற்கு வைத்தியம் என்று ஊரில் பேசப்படுபவை நான்கு: அபராதம், நோட்டா (எந்த வேட்பாளரும் வேண்டாம் என்று சொல்லும் பொத்தான்), எண்ணும் முறையை மாற்றுவது, இருக்கும் இடத்திலேயே ஓட்டு. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் அபராதம். இதற்கு எல்லோரும் காட்டுவது ஆஸ்திரேலியாவை. 1922 தேர்தலில் அங்கே 60 சதவீதம்கூடத் தேறவில்லை. 1924இல் கட்டாய வாக்களிப்புச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலிலேயே 91ஐத் தாண்டியது. கூட்டாட்சித் தேர்தலில் வராதவருக்கு அபராதம் 20 டாலர். அங்கே ஒரு வேளை சாப்பாட்டுக் காசு. அதற்குப் பயந்தா ஒரு தேசமே வரிசையில் நிற்கிறது?

நம்மூர் விவாதங்களில் விட்டுப்போவது ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய அரசு வாக்காளர் மேல் கடமையைச் சுமத்தியபோது தன் மேலும் ஒரு கடமையைப் போட்டுக்கொண்டது. தேர்தல் சனிக்கிழமைதான். உங்கள் மாநிலத்தில் எந்த வாக்குச்சாவடிக்குப் போனாலும் உங்கள் தொகுதிக்கு ஓட்டுப் போடலாம். வேறு மாநிலத்தில் இருந்தால் அதற்கும் தனி மையம் உண்டு. வர முடியாதவர் முன்கூட்டியே போடலாம், தபாலிலும் அனுப்பலாம். பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் சங்கத்தார் அடுப்பு மூட்டி சாஸேஜ் சுட்டு விற்பார்கள். ஓட்டு நாள் பாதி திருவிழா. அந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல் அபராதத்தை மட்டும் இறக்குமதி செய்தால், நாலாவது மாடி சார் தன் பெயர் இல்லாத பட்டியலுக்காகத் தண்டம் கட்டுவார்.

குஜராத் அதைத்தான் செய்து பார்த்தது. உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம் என்று 2009இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் கமலா பெனிவால் ஒப்புதல் தரவில்லை. 2014இல் அடுத்த ஆளுநர் கையெழுத்திட்டார், 2015இல் 100 ரூபாய் அபராதம் என்று விதி வந்தது, அதே ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதே ஆண்டு மார்ச்சில் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையமும் தன் 255ஆவது அறிக்கையில் கட்டாய வாக்களிப்பு வேண்டாம் என்றது. கட்டடத் தொழிலாளி ஊருக்குப் போய்வர ஆகும் செலவு பல நூறு ரூபாய், இரண்டு நாள் கூலியும் போகும். போகாவிட்டால் 100 ரூபாய். அவருக்கு அபராதமே மலிவு.

நோட்டாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2013 செப்டம்பர் 27 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த பொத்தான். 2014இல் நீலகிரியில் 46,559 பேர் அதை அழுத்தினார்கள். 2024இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகிக்கொள்ள, 2,18,674 பேர் நோட்டாவுக்குப் போட்டார்கள். எண்ணிக்கையில் அதற்குத்தான் இரண்டாம் இடம். ஜெயித்தவருக்கோ பதினொன்றே முக்கால் லட்சம் வாக்கு வித்தியாசம். இரண்டு லட்சம் பேரின் கோபம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. எத்தனை பேர் அழுத்தினாலும் முடிவு மாறாது என்பதால் இதைப் பல் இல்லாத பாம்பு என்கிறார்கள். மகாராஷ்டிரம், ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018இல், உள்ளாட்சியில் நோட்டா முந்தினால் மறுதேர்தல் என்று உத்தரவிட்டன. அது பல் வைக்கும் முயற்சிதான். ஆனால் நோட்டா அழுத்துபவர் ஏற்கெனவே பூத்துக்கு வந்துவிட்டவர். வராதவரை அது வரவழைக்காது.

எண்ணும் முறைக்கு வருவோம். இங்கேதான் உண்மையான சரக்கு இருக்கிறது. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் திமுக வாங்கியது 23 சதவீதத்துக்கு மேல், கிடைத்த இடம் பூஜ்ஜியம். 44 சதவீதம் வாங்கிய அதிமுகவுக்கு 39இல் 37. பத்து வருஷம் கழித்துச் சக்கரம் சுற்றியது. 2024இல் அதிமுகவுக்கு 20 சதவீதத்துக்கு மேல், இடம் பூஜ்ஜியம். நாம் தமிழர் 8 சதவீதம், அதற்கும் பூஜ்ஜியம். "என் ஓட்டு வேஸ்ட்" என்று ஒருவர் சொன்னால் அதைச் சோம்பேறியின் சாக்கு என்று தள்ள முடியாது. கணக்கே அவர் பக்கம் இருக்கிறது.

வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் கொடுத்தால் கூட்டம் வருமா? நியூசிலாந்தைப் பாருங்கள். 1978, 1981 தேர்தல்களில் அதிக ஓட்டு வாங்கிய தொழிற்கட்சி தோற்று, குறைவாக வாங்கிய நேஷனல் கட்சி ஆட்சி அமைத்தது. அந்தக் கசப்பு 1993 பொதுவாக்கெடுப்பில் முறையையே மாற்றியது. 1996இலிருந்து ஒருவருக்கு இரண்டு ஓட்டு: தொகுதிக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. முதல் தேர்தலில் 88 சதவீதம் வந்தார்கள். 2011இல் அது 74 ஆனது, 2023இல் 78. நியாயம் கூடியது, நாடாளுமன்றம் மக்களின் சாயலுக்கு வந்தது. ஆனால் கூட்டம் கூடவில்லை. நியாயத்துக்காக இந்த முறையைக் கேட்கலாம், நானும் கேட்பேன். வாக்குப்பதிவு ஏறும் என்று சொல்லி விற்பது கலப்படம்.

வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விருப்புவாக்கு இன்னொரு கிளை. ஆஸ்திரேலியாவில் கீழவையில் எல்லாக் கட்டத்திலும் எண் போட்டால்தான் சீட்டு செல்லும். யோசிக்க அலுத்தவர்கள் மேலிருந்து கீழே 1, 2, 3 என்று இழுத்துவிடுவதும் உண்டு. அதற்குக் கழுதை ஓட்டு என்றே அங்கே பெயர்.

இலங்கையின் அதிபர் தேர்தலில் விருப்புவாக்கு இருக்கிறது, கட்டாயம் இல்லை. 1978 அரசியலமைப்பிலிருந்தே உள்ள ஏற்பாடு. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், விருப்புவாக்குகளையும் சேர்க்கும் இரண்டாம் சுற்று எண்ணிக்கை 2024 செப்டம்பரில்தான் முதல்முறையாகத் தேவைப்பட்டது. முதலில் வந்த அனுர குமார திசாநாயக்கவுக்கு 42 சதவீதம், இரண்டாவதாக வந்த சஜித் பிரேமதாசவுக்கு 33 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகள் 33 லட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து இந்த இருவருக்குமாகச் சேர்ந்து வந்த விருப்புவாக்கு 3 லட்சத்தைக்கூட எட்டவில்லை. அத்தனை வருஷம் கையில் இருந்த உரிமையைப் பெரும்பாலோர் தொடவே இல்லை. முறை சட்டத்தில் இருந்தால் போதாது, மக்களுக்குப் பழகவும் வேண்டும்.

இலங்கை என்றதும் 2005ஐச் சொல்லாமல் போக முடியாது. அந்த அதிபர் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவானது 1.2 சதவீதம். அது சோம்பல் இல்லை, புலிகள் அறிவித்த புறக்கணிப்பு. மகிந்த ராஜபக்ச ஜெயித்த வித்தியாசம் 1,80,786 ஓட்டு. பிறகு நடந்தவை ஊர் அறிந்தவை. வராதவர்களை எல்லாம் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். வரவிடாமல் தடுக்கப்பட்டவர், வெறுத்து ஒதுங்கியவர், வர முடியாதவர், சும்மா வராதவர் எல்லோரும் சதவீதக் கணக்கில் ஒரே பூஜ்ஜியம்.

கடைசியாக, இருக்கும் இடத்திலேயே ஓட்டு. 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றைக் கட்சிகளுக்குக் காட்ட முன்வந்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள். சென்னையில் இருக்கும் பீகார்த் தொழிலாளி இங்கிருந்தே தன் ஊருக்குப் போடலாம். எதிர்க்கட்சிகள் மறுத்தன. வெளியூர்க்காரர் என்று யாரைச் சொல்வது, அத்தனை ஊரிலும் ஏஜென்ட் போட எந்தச் சின்னக் கட்சியால் முடியும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள். ஏஜென்ட் இல்லாத பூத் என்றால் என்ன என்று எங்கள் வாட்ச்மேனுக்கே தெரியும். இயந்திரம் அப்படியே நின்றுவிட்டது. 2024இல் 85 வயது கடந்தவர்களுக்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களுக்கும் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கினார்கள். சின்ன வேலை, சத்தமில்லாமல் நடந்தது.

இந்த நான்கிலும் சேராத ஒன்று 2025 கடைசியில் வெளியே வந்தது. வாக்காளர் பட்டியலின் சிறப்பு தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வந்த தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். இறந்தவர், குடிபெயர்ந்தவர், இரண்டு இடத்தில் இருந்தவர் என்று காரணம் சொன்னார்கள். நீக்கியது சரியா என்ற சண்டை ஒரு பக்கம். அதில் உண்மையாகவே செத்தவர்களும் போய்விட்டவர்களும் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும், நாம் திட்டித் தீர்த்த 54 சதவீதத்தின் வகுக்கும் எண்ணிலேயே ஓட்டை இருந்திருக்கிறது.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான்: முதலில் பட்டியல், அடுத்து ஆஸ்திரேலியாவின் அபராதத்தை விட்டுவிட்டு வசதியை மட்டும் எடுத்துக்கொள்வது. குறைந்தபட்சம் ஒரே மாநிலத்துக்குள் எந்தப் பெரிய ஊரிலும் சொந்தத் தொகுதிக்குப் போடும் ஏற்பாடு. ஏஜென்ட் சிக்கல் அப்போது பாதி குறையும், எல்லாக் கட்சிக்கும் மாவட்டத் தலைநகரில் ஆள் உண்டு. எண்ணும் முறையை மாற்ற அரசியல் கட்சிகளே கையெழுத்துப் போடவேண்டும். 44 சதவீதத்துக்கு 37 இடம் வாங்கத் தெரிந்தவர்கள் அதற்கு எளிதில் ஒப்ப மாட்டார்கள்.

நாலாவது மாடி சாரிடம், முகவரி மாற்றப் படிவம் 8 இருக்கிறது, செல்போனிலேயே நிரப்பலாம் என்று சொன்னேன். "அதை அவங்களே மாத்தக்கூடாதா? கேஸ் கனெக்‌ஷன் மாறிடுச்சு, ஆதார் மாறிடுச்சு, இது மட்டும் ஏன் சார் நான் போய்க் கேக்கணும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.