நிணநீர் வீக்கம்: கை மசாஜா, காற்றழுத்த பம்பா?

மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை (திசுக்களில் சேரும் நீரான நிணநீர் கடந்துபோகும் சிறு உறுப்புகளை) எடுத்தபின் கை வீங்கத் தொடங்கினால், கையாலேயே வடிப்பதா, பம்பு வாங்குவதா என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். என் சாய்வு கை மசாஜ் பக்கம்தான்.

பம்புக்கு உள்ள வசதிகள் வெளிப்படை. காற்று நிரம்பிக் கையை அழுத்தும் அதன் உறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். விரல்களில் வலு இல்லாதவர்களுக்கும் தோளைத் தூக்க முடியாதவர்களுக்கும் அது பெரிய உதவி. கை மசாஜுக்குக் கருவி வேண்டாம், ஆனால் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

முடிவைத் தீர்மானிப்பது இதெல்லாம் இல்லை. தள்ளிவிடும் நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் விஷயம். இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒன்று கிடையாது. நாளங்களே சுருங்கி விரிந்து, ஒருவழி வால்வுகள் மூலம் நீரை நகர்த்துகின்றன. உடல் முழுவதும் சேரும் நிணநீர் கடைசியில் காறை எலும்புகளுக்குப் பின்னால், கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகளில்தான் கலக்கிறது. வலது கை, வலப்பக்கத் தலை, மார்பின் வலப்பாதி ஆகியவற்றின் நீர் வலப்பக்கம் இறங்கும், மற்றதெல்லாம் இடப்பக்கம். அதனால் வடிக்கும் வேலை கழுத்தில் தொடங்க வேண்டும், விரலில் அல்ல.

சாதாரண பம்பின் உறை தோளுக்குக் கீழே முடிந்துவிடும். அது தள்ளும் நீர், முடிச்சுகள் எடுக்கப்பட்ட அதே இடத்தில் வந்து முட்டும். மேற்கையிலும் மார்போரத்திலும் புதிதாக வீக்கம் தெரிவது இதனால்தான். கால் பம்பில் பிறப்புறுப்புப் பகுதி வீங்கிவிடுவதும் உண்டு. இன்னொரு குறை: பம்பு பெரும்பாலும் தண்ணீரைத்தான் நகர்த்துகிறது, புரதம் திசுவிலேயே தங்கினால் அது மறுபடி நீரை இழுக்கும், நாளடைவில் தோலும் இறுகும். மார்பையும் இடுப்பையும் சேர்த்து மூடும் உறை உள்ள பம்புகளில் முட்டிநிற்கும் சிக்கல் குறைவு.

வலது கை வீக்கத்துக்குச் செய்யும் வரிசை இது. மல்லாந்து படுத்து, வயிறு எழும்ப 5 முறை மெதுவாக மூச்சு விடுங்கள். காறை எலும்புக்கு மேலுள்ள குழிகளில் விரல்களைத் தட்டையாக வைத்து, தோலைக் கீழ்நோக்கி உள்பக்கமாக 10 முறை இழுத்து விடுங்கள். அடுத்து இடது அக்குளில் 10, வலது தொடைச்சந்தில் 10. பிறகு வலது மார்பின் மேற்புறத்திலிருந்து இடது அக்குளுக்கும், வலது விலாவிலிருந்து தொடைச்சந்துக்கும் வழி திறக்க வேண்டும். அதன்பிறகே கைக்கு வர வேண்டும்: முதலில் மேற்கை, பின்பு முழங்கை, முன்கை, கடைசியில் விரல்கள். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் தோள் வரை தள்ளிக்கொண்டு வாருங்கள். முடிவில் மறுபடி காறைக்குழி. தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களும் கழுத்துத் தமனியில் அடைப்புள்ளவர்களும் கழுத்துப் பகுதியைத் தொடக்கூடாது.

அதிகம் பேர் தவறுவது அழுத்தத்தில்தான். விரலுக்கடியில் தசை தெரிந்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று பொருள்; தோல் மட்டும் நகர வேண்டும். நிணநீர் நுண்நாளங்களின் சுவர் மெல்லிய இழைகளால் சுற்றியுள்ள திசுவோடு கட்டப்பட்டிருக்கிறது. தோல் இழுபடும்போது அந்த இழைகள் நாளத்தின் வாயைத் திறக்கும். ஓங்கி அழுத்தினால் நாளமே நசுங்கும், இரத்த ஓட்டம் கூடி இன்னும் நீர் கசியும். தோல் சிவந்தாலும் அழுத்தம் கூடிவிட்டது என்றுதான் பொருள். எண்ணெய் வேண்டாம், விரல் வழுக்கினால் தோல் இழுபடாது. அவசரமும் ஆகாது. இந்த மென்மையான முறையை 1930களில் வகுத்தவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதி.

பம்பு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. கழுத்து, எதிர் அக்குள், தொடைச்சந்து மூன்றையும் கையால் திறந்துவிட்டு அதை மாட்டுங்கள். அழுத்தத்தைச் சிகிச்சையாளர் சொன்ன அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். கூட்டினால் சீக்கிரம் வடியும் என்பது தவறு.

கையோ பம்போ, முடித்தவுடன் அழுத்த உறை (கையை இறுக்கிப் பிடிக்கும் இழுவைத் துணி உறை) போடாவிட்டால் வடித்தது திரும்பி வந்துவிடும். அதன் பராமரிப்பில் சோம்பல் கூடாது. இரண்டு உறைகளை மாற்றி மாற்றிப் போட்டு, தினமும் மென்மையான சோப்பில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். ஏறக்குறைய 6 மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும். அப்போது கையை மறுபடி அளந்து புதிதாக வாங்க வேண்டும். மேல்விளிம்பு சுருண்டால் மடித்து விடாதீர்கள், அந்த மடிப்பே கயிறு கட்டியதுபோல் நீரைத் தடுக்கும்.

என் சாய்வு, அழுத்தினால் குழி விழும் மென்மையான வீக்கத்துக்கே பொருந்தும். பல ஆண்டுகளாகி இறுகிப்போன கை, கால்களுக்குப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் போடும் பல அடுக்குக் கட்டுதான் முதலில்.

தோல் சிவந்து சூடேறி காய்ச்சல் வந்தால் கையும் வேண்டாம், பம்பும் வேண்டாம்; அன்றே மருத்துவரைப் பாருங்கள். சிரையில் புதிதாக இரத்தம் உறைந்திருந்தாலும், இதயச் செயலிழப்பு கட்டுக்குள் இல்லாவிட்டாலும் இரண்டும் ஆகாது.

பலன் தெரிய அளவுநாடா போதும். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், மணிக்கட்டிலிருந்து 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கைகளையும் அளந்து எழுதிவையுங்கள். வித்தியாசம் வாரத்துக்கு வாரம் கூடினால் செய்முறையைச் சிகிச்சையாளர் முன் ஒருமுறை செய்துகாட்டுங்கள்.