வர்தா நசுக்கிய மெட்டடார் கூரை: பல மழைக்காலங்களுக்குப் பிறகு

பழைய மெட்டடார் வேனின் கூரையில் புயலில் மரக்கிளை விழுந்து, அதைச் சரிசெய்து, அப்புறம் அதே வண்டியை நிவர், மாண்டஸ், மிக்ஜாம் என்று ஒவ்வொரு மழையிலும் நிறுத்திப் பார்த்த அனுபவம் இது. வேலை முடிந்து பெயின்ட் மின்னும்போது எந்தக் கூரையும் அழகாகத்தான் இருக்கும். நாலைந்து வடகிழக்குப் பருவமழையும் நடுவில் வரும் அக்னி நட்சத்திரங்களும் போன பிறகுதான் எது வேலை, எது வெறும் பூச்சு என்று தெரியும். என் கூரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

வண்டி, பஜாஜ் டெம்போ தயாரித்த டீசல் மெட்டடார். எண்பதுகளின் பிற்பகுதியில் வந்தது. ஒரு காலத்தில் ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ், பால் வண்டி, பேப்பர் வண்டி என்று எல்லாவற்றுக்கும் இதுதான். தயாரித்த நிறுவனமே 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டுவிட்டது. நண்பர்கள் இதை விண்டேஜ் என்பார்கள். சட்டப்படி அந்தப் பட்டம் இதற்குக் கிடையாது. 2021இல் வந்த மத்திய அரசு விதி, 50 ஆண்டு தாண்டிய வண்டிக்குத்தான் 'வி.ஏ.' என்று தனி எண் தருகிறது. என்னுடையது வெறும் பழைய வண்டி. ஆனால் உதிரிபாகம் தேடி அலைவதில் மட்டும் எந்த விண்டேஜுக்கும் குறைந்ததில்லை.

2016 டிசம்பர் 12, வர்தா சென்னையைக் கடந்த நாள். அந்தப் புயலின் கண் நகரத்தின் மேலேயே கடந்தது. காலையிலிருந்து ஒரு திசையில் அடித்த காற்று பிற்பகலில் கொஞ்ச நேரம் அடங்கியது. அப்புறம் எதிர்த்திசையிலிருந்து அடித்தது. மரங்களுக்கு இதுதான் வினையாகிவிட்டது. முதல் சுற்றில் வேர் ஆட்டம் கண்ட மரத்தையும் பிளந்த கிளையையும் இரண்டாம் சுற்று முடித்துவிட்டது. எங்கள் தெருவில் நின்ற பெருங்கொன்றையும் அப்படித்தான். முதலில் கிளை முறிந்து கூரையில் சாய்ந்தது. காற்று திரும்பியதும் அதே கிளை கூரையின் மேலேயே இழுபட்டு வலப்பக்கம் விழுந்தது. ஆகவே சேதமும் இரண்டு வகை. நடுவில் இடப்பக்கமாக ஒரு அகலமான பள்ளம். வலப்பக்கம் பின்மூலையில் தகடு கிழிந்து, மழைநீர் ஓடும் காடி ஒரு முழ நீளத்துக்கு நசுங்கி, உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் வளைந்திருந்தது.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் புயல் சேதத்துக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும், 10 ஆண்டு தாண்டிய வண்டியில் உலோகப் பாகங்களின் விலையில் 50 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் எந்த வயதிலும் 50 சதவீதம். இவ்வளவு பழைய வேனுக்கு முழுக் காப்பீடு கொடுக்கவே தயங்குகிறார்கள் என்பது வேறு கதை. என் செலவு என் கையிலிருந்துதான் போனது.

அந்த நேரத்தில் கையில்தான் எதுவும் இல்லை. 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வங்கியில் வாரத்துக்கு 24,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது, ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு 2,500. டிங்கரிங் கடையில் கார்டாவது, மிஷினாவது! கூரையின் இரண்டு பக்கமும் இரண்டு விதமாகச் சரிசெய்யப்பட்டதற்கு இதுதான் காரணம். மொத்தக் கூரைக்கும் தகடு மாற்றப் பணம் புரட்ட முடியவில்லை. கிழிந்த பக்கத்தை வெட்டி மாற்றுவது, பள்ளத்தைத் தட்டி எடுத்து, மிச்சத்தைப் பட்டி என்கிற நிரப்புப் பசையால் சமன்படுத்துவது என்று முடிவானது.

டிங்கர் அண்ணன் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "கதவுல போட்ட பட்டி நிக்கும் சார். கூரையில போட்டா வெயில் தின்னுடும். காசு இல்லேன்றீங்க, போட்டுத் தரேன். ஆனா நாலு வருஷம் கழிச்சு என்னைத் திட்டக் கூடாது."

வேறு இரண்டு யோசனைகளும் வந்தன. ஒன்று, கூரை மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தி ரிவெட் அடித்துவிடுவது. பள்ளம் அடியில் மறைந்துவிடும், ஒரே நாளில் வேலை முடியும், செலவும் குறைவு. ஆனால் இரும்பும் அலுமினியமும் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்புக் காற்றின் ஈரம் சேர்ந்தால் அரிப்பு வேகமாக நடக்கும். ஒவ்வொரு ரிவெட் ஓட்டையும் தண்ணீருக்கு ஒரு வழி. துரு எங்கே ஓடுகிறது என்று பார்க்கவும் முடியாது. கடலுக்குப் பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம் என்பேன். இன்னொன்று, ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து ஒட்டுவது. சின்னக் கிழிசலுக்குச் சரி. சட்டமே வளைந்த இடத்தில் அது முட்டுக்கொடுக்காது.

வலப்பக்க வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் வெளியே யாரும் கை வைக்கவில்லை. உள்ளேயிருந்து ரெக்சின் சீலிங்கைக் கழற்றி, வளைந்த சட்டத்தைச் சின்ன ஜாக்கி வைத்து மெதுவாக ஏற்றினார்கள். சட்டம் ஏறியதும் கூரையில் பாதிப் பள்ளம் தானாகவே மேலே வந்துவிட்டது. சுத்தியல் அடி அவ்வளவுக்குக் குறைந்தது. அப்புறம் கிழிந்த பகுதியை நல்ல தகடு வரும் வரை வெட்டி எடுத்து, 20 கேஜ் சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய) இரும்புத் தகட்டில் துண்டு வெட்டி, மூலை வளைவை மரக்கட்டையில் வைத்துத் தட்டிப் பொருத்தினார்கள். காடிக்கும் புதிதாகத் தகடு மடித்தார்கள். வெல்டிங் கேஸ் சுடரில் இல்லை, மின்பொறியில் பற்றவைக்கும் சி.ஓ.டூ.வில். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, சூடு ஆறும் வரை டீ, திரும்ப நடுவில் ஒரு பொட்டு. ஒரே இழுப்பில் கோடு போட்டிருந்தால் தகடு சூட்டில் நெளிந்து, அதை நேராக்கவே தனி வேலை ஆகியிருக்கும்.

இடப்பக்கப் பள்ளத்தில் கற்றுக்கொண்டது வேறு. கிளை விழுந்த இடத்தில் தகடு வளைவது மட்டுமில்லை, இழுபட்டு நீண்டும் போகிறது. கீழிருந்து டாலி என்கிற இரும்புத் தாங்குகட்டையை வைத்துத் தட்டி மேலே கொண்டுவந்தாலும் அந்த உபரி நீளத்துக்குப் போக இடமில்லை. எண்ணெய் டின்னின் பக்கம் போல அழுத்தினால் 'டொக்' என்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். அதைச் சுருக்குவது நுணுக்கமான வேலை. அண்ணன் கேஸ் டார்ச்சில் எட்டணாக் காசு அளவுக்கு ஒரு புள்ளியைச் சிவக்கக் காய்ச்சுவார். அது குமிழாக எழும்பியதும் அடியில் டாலி பிடித்து மேலே இரண்டே தட்டு, உடனே ஈரத்துணி. புஸ்ஸென்று ஆவி. அந்த இடத்தில் தகடு கொஞ்சம் இறுகிவிடும். அப்புறம் உள்ளங்கைக்கு அடியில் ஒரு மெல்லிய துணியை வைத்துத் தடவி, அடுத்த மேட்டைத் தேடி சாக்பீஸில் வட்டம் போடுவார். கண்ணுக்குத் தெரியாத மேடு அந்தக் கைக்குத் தெரிகிறது. இந்த வேலையை முழுதாகச் செய்திருந்தால் பட்டிக்கே தேவை இருந்திருக்காது. ஆனால் நேரம்தான் கூலி. முக்கால்வாசி எடுத்துவிட்டு மீதியைப் பட்டியில் சமன்படுத்தினார்கள். சில இடங்களில் பட்டியின் கனம் 3 மில்லிமீட்டரைத் தாண்டியது.

இப்போது முடிவுகள்.

வெட்டி மாற்றிய பக்கம் இன்றைக்கும் கல் மாதிரி இருக்கிறது. வெல்டிங் கோட்டில் துரு இல்லை. காரணம், பெயின்டுக்கு அடியில் எபாக்சி ப்ரைமர் என்கிற துரு தடுக்கும் அடிப்பூச்சை அடித்ததும், உள்பக்கத்திலும் அதையே அடித்ததும்தான் என்று நினைக்கிறேன். பல கடைகளில் வெளியே பளபளப்பாக முடித்துவிட்டு உள்ளே வெல்டிங் கருகிய இடத்தை அப்படியே சீலிங் போட்டு மூடிவிடுவார்கள். கூரைத் தகடு உள்ளிருந்துதான் முதலில் துருப்பிடிக்கும். இரவில் குளிரும் தகட்டின் அடியில் ஈரம் பூப்பது தினமும் நடக்கிற காரியம், மழையே தேவையில்லை.

பட்டி போட்ட பக்கம் அண்ணன் சொன்ன கணக்குப்படியே நடந்துகொண்டது. 2020 நிவர் வரை ஒன்றும் தெரியவில்லை. அடுத்த கோடையில் ஓரத்தில் முடி போல ஒரு விரிசல். வெயிலில் இரும்பு விரியும், இரவில் சுருங்கும், பட்டி அதே அளவுக்கு விரிந்து சுருங்காது. விரிசல் வழியாகப் போன தண்ணீரைப் பட்டி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். 2022 மாண்டஸ் முடிந்தபோது பெயின்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பியிருந்தது. சாவி நுனியால் கீறினால் அடியில் பழுப்புத் தூள். ஓட்டை விழவில்லை, ஒழுகவும் இல்லை, ஆனால் அந்தப் பக்கத்துக்கு ஆயுள் முடிந்துவிட்டது. மெல்லிய பட்டி இருந்த இடங்கள் மட்டும் இன்னும் பிடித்து நிற்கின்றன.

ஒழுகியது இரண்டு இடத்திலும் இல்லை! முன் கண்ணாடிக்கு மேலே, கிளை தொடவே தொடாத காடியில். கிளை விழுந்த அதிர்ச்சியில் இடுக்கை அடைத்திருந்த பழைய சீலன்ட் பசை அங்கே விட்டுப்போயிருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே புகுந்து, குறுக்குச் சட்டத்தின் மேலேயே ஓடி, நடு இருக்கையின் மேல் சொட்டியது. சொட்டிய இடத்துக்கு மேலே ஆளாளுக்கு ஒரு பசையைப் பூசச் சொன்னார்கள். இதற்கு ஒரே வழி ஹோஸ் பைப். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார வேண்டும், இன்னொருவர் வெளியே கீழிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு அடியாக மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, எது வழி என்று தெரியாது.

சீலன்ட் வாங்கும்போது வண்டி பாடிக்கான பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் என்று கேட்டு வாங்குங்கள். அதன் மேல் பெயின்ட் நிற்கும். பெயின்ட் அடிக்காமல் வெயிலில் விட்டால்தான் வெடிக்கும். குளியலறைக்கு அடிக்கிற, வினிகர் வாடை வரும் சிலிகான் வேண்டாம். ஆறும்போது அது வெளியிடும் அமிலம் இரும்பை அரிக்கும், அதன் மேல் பெயின்டும் ஒட்டாது. ஒருமுறை பூசிவிட்டால் அடுத்து வரும் எந்தச் சீலன்டும் அங்கே பிடிக்காது. தார் ஷீட்டும் அப்படித்தான். மே மாதத்தில் உருகிக் கண்ணாடியில் வழியும்.

நிறத்துக்கு வெள்ளை, கடினமாக்கி கலந்து அடிக்கும் டூ-கே பி.யு. பெயின்ட். முன்பிருந்த சாதாரண எனாமல் கையில் மாவு மாதிரி ஒட்டும். இது இன்னும் துடைத்தால் பளிச்சென்று இருக்கிறது. கூடுதலாகக் கொடுத்த காசுக்கு முழுத் திருப்தி தந்தது இது ஒன்றுதான்.

ரெக்சின் சீலிங்கை நான் திரும்பப் போடவில்லை. அதற்குப் பதில் 4 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகைகள், ஸ்க்ரூவில் கழற்றி மாட்டுகிற மாதிரி. பார்வைக்கு ரெக்சின் போல இருக்காது. ஆனால் ஒழுகினால் வெளிறிய பலகையில் கறை உடனே தெரியும். மழைக்காலம் முடிந்ததும் கழற்றித் தகட்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கலாம். வேனுக்குள் தூங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

தார்ப்பாய் பற்றியும் சொல்ல வேண்டும். சேதமான முதல் நாட்களில் அது தேவை. நிரந்தரமாகப் போர்த்தி இறுக்கிக் கட்டினால் காற்றில் உரசியே பெயின்டைத் தின்றுவிடும், அடியில் ஈரத்தையும் காயவிடாது. தெருவில் ஒரு அம்பாசிடரின் கூரை இப்படித்தான் போனது, அதன் மேல் ஒரு மாங்காய்கூட விழவில்லை.

மொத்தச் செலவு அன்றைக்கு 30,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதில் பாதிக்கு மேல் கூலி. உடைந்த பின்பக்க ரப்பர் பீடிங் மட்டும் புதுப்பேட்டையில் பழைய வண்டி ஒன்றிலிருந்து கிடைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை கொட்டித் தீர்த்தபோது வண்டி வெட்டவெளியில்தான் நின்றது. காடியைப் புதிதாகச் சீல் செய்த பிறகு வந்த பெரிய மழை அது. பலகையில் கறை இல்லை.

இடப்பக்கத்தைச் சுரண்டித் தகடு மாற்ற அதே அண்ணனிடம் விலை கேட்டிருக்கிறேன். அன்றைய கூலியைவிட இரண்டு மடங்கு சொல்கிறார். நான் திட்டவில்லை என்பதால் கொஞ்சம் குறைப்பாராம். ஐப்பசிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் என் நிபந்தனை. கூரை வேலைக்கு வண்டி கொடுப்பவர்கள் சித்திரை, வைகாசியில் கொடுங்கள். ப்ரைமரும் சீலன்டும் ஆற ஈரமில்லாத நாட்கள் வேண்டும். புயல் வந்த மறுநாள் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது எந்த டிங்கரும் நிதானமாகச் சுத்தியலைப் பிடிக்க மாட்டார்.