கோணேசர் மலையடியில் சுழியோட உப்புவெளியில் ஒரு சின்னக் கடை

திருகோணமலையில் டைவிங் கூட்டிப்போகும் கடைகள் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நிறைய உண்டு. தேடினால் முதலில் வருவதெல்லாம் ஹோட்டலோடு ஒட்டிய பெரிய இடங்கள். நான் சொல்லப்போவது ஒரு பழைய மீன் வாடியைத் திருத்திக் கட்டிய கடை. பெயர்ப்பலகையில் பாதி எழுத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது. மீதியை நான் இங்கே எழுதவில்லை. "பேரப் போட்டா சனம் கூடும், பிறகு நான் ஆக்களைத் திருப்பி அனுப்போணும், அது சண்டை" என்று நடத்துகிற நானா சொல்லிவிட்டார். ஒரு வள்ளத்தில் நாலு பேருக்கு மேல் அவர் ஏற்றுவதில்லை. கரையில் சுழியோடி நானா என்று கேட்டால் காட்டுவார்கள்.

எந்த டைவிங் கடைக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது சிலிண்டருக்குக் காற்று அடைக்கிற கம்ப்ரசரைத்தான். எஞ்சின் புகை போகிற பக்கத்திலேயே காற்று இழுக்கிற குழாயும் இருந்தால் அங்கே எனக்கு வேலை இல்லை. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ஆழத்துக்குப் போகப் போக அழுத்தத்தால் அதன் நஞ்சு இன்னும் ஏறும். இங்கே குழாயைக் கூரைக்கு மேலே, காற்று வருகிற திசை பார்த்து உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். சிலிண்டர் தோளில் வெட்டியிருந்த சோதனை ஆண்டுகளையும் பார்த்தேன். ஐந்து வருடம் தாண்டியது எதுவும் இல்லை. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற ரெகுலேட்டர்கள் பழசுதான், ஆனால் வாய்ப்பிடி எல்லாம் புதிது. குளிர் தாங்கப் போடுகிற வெட்சூட்தான் பாவம், முழங்கால் நெடுக ஒட்டுப் போட்டது. தண்ணீர் 28, 29 பாகை இருக்கிற கடலில் அது பெரிய குறை இல்லை.

சாமான்களை விடக் கேள்விகள்தான் இந்தக் கடையைத் தூக்கி நிறுத்துகின்றன. படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏற்றிவிடுகிற ஆள் இல்லை நானா. "நாளைக்கு எங்க போறீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். எங்களோடு வந்த ஒரு சோடி, மத்தியானமே நுவரெலியாவுக்கு வான் பேசியிருந்தது. "அப்ப இண்டைக்கு டைவ் இல்ல. ஸ்நோர்கல் போட்டுப் பாருங்க" என்று காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். டைவ் முடிந்த கையோடு பிளேன் ஏறக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு டைவ் என்றால் 12 மணித்தியாலம், பல டைவ் என்றால் 18. மலை ஏறுவதும் அதே கணக்குத்தான் என்பதைப் பலர் நினைப்பதில்லை. நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேலே. உடம்பில் கரைந்திருக்கிற நைட்ரஜன் வெளியேற அவகாசம் கொடுக்காமல் அங்கே ஏறினால் அது குமிழியாகும்.

இந்தக் கண்டிப்பு அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. இளவயதில் சங்கும் கடல் அட்டையும் எடுக்கச் சிலிண்டர் போட்டு இறங்கியவர். அந்தத் தொழிலில் ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர் காலியாகிறதோ அத்தனைக்குத்தான் காசு. ஆழமும் நேரமும் கணக்குப் பார்க்கிற டைவ் கம்ப்யூட்டர் கையில் கிடையாது. மேலே வரும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வரவும் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் வள்ளத்தில் ஏறியதும் இடது கால் விறைத்தது. கடற்படையின் அழுத்த அறையில் படுத்துத்தான் எழும்பினார். கால் முழுதாகத் திரும்பவில்லை, கரையில் இழுத்துத்தான் நடக்கிறார். தண்ணீருக்குள் அந்தக் கால் எதுவென்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

சரி, மலையடிக்கு வருவோம். 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, கல்லைக் கோட்டை கட்ட எடுத்தார்கள். கடலில் விழுந்தது மலையடியில் கிடக்கிறது. சதுரமாய்ச் செதுக்கிய தூண் துண்டுகள், படிபோல் வெட்டிய கற்கள். முதல் பார்வைக்கு எல்லாம் பாறைதான். கண் பழகப் பழகத்தான் விளிம்பு நேராக இருப்பது தெரியும், பிறகு நேர்விளிம்புகள் மட்டுமே தெரியும். ஒரு தூணுக்கடியில் அஞ்சாலை மீன் தலையை நீட்டிக்கொண்டிருந்தது, பக்கத்திலேயே கலவாய் மீன். கையை நீட்டினால் நானா உடனே தட்டிவிடுவார். தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று நான் சைகை காட்டிக் கேட்டும் விடவில்லை. "கும்பிடுறது மேல, கோயில்ல. இங்க பாக்க மட்டும்" என்று வள்ளத்தில் ஏறிய பிறகு சொன்னார். சிவன் கோயில் கல்லுக்கு இவரை விடக் கண்டிப்பான காவல் இருக்குமா என்று தெரியவில்லை.

மற்றக் கடைகள் இதே இடத்தை, அறிவியல் புனைகதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கின் பெயர் சொல்லி விற்கின்றன. அதில் பொய் இல்லை. 1956இல் அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இங்கே இறங்கி இந்தக் கற்களைக் கண்டு, படம் எடுத்து, உலகத்துக்குச் சொன்னார்கள். மிதப்பைச் சரிசெய்ய இப்போது நாம் போடுகிற காற்று ஜாக்கெட் அந்த நாளில் கிடையாது. கிளார்க் கடலுக்காகவே இலங்கைக்கு வந்து, 2008இல் கண் மூடும்வரை இங்கேயே இருந்துவிட்டார். வில்சன் கதை அதை விட விசித்திரம்: படம் எடுத்தார், அம்பாந்தோட்டை மாவட்டத்துக்கு அப்பால் கடலில் கிரேட் பாசஸ் பாறைப் பக்கம் முகலாய வெள்ளி நாணயம் ஏற்றிவந்த கப்பலைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரானார், கடைசியில் காவி உடுத்து சுவாமி சிவகல்கி ஆகிவிட்டார்.

இதை நான் சொல்லச் சொல்ல நானா சிரித்தார். "எங்கட வாப்பா காலத்துல சங்கு குளிச்சவனுக்கெல்லாம் அங்க தூண் கிடக்குறது தெரியும் தங்கச்சி. ஆரும் வந்து கேக்கல்ல." கிளார்க் செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, படமும் எழுத்தும் இல்லாவிட்டால் நாம் இன்றைக்கு இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ஆனாலும் பெரிய கடைகளின் விளக்கவுரையில் அந்தச் சங்குகுளிகாரருக்கு ஒரு வரிகூட இல்லாதது உறுத்துகிறது. இங்கே வள்ளத்தில் போகும்போதே அந்தக் கதையும் கேட்கக் கிடைக்கிறது.

என்னோடு வந்த மச்சாளுக்கு இது முதல் தடவை. அவளை மலையடிக்குக் கொண்டுபோக நானா சம்மதிக்கவேயில்லை. பயிற்சி இல்லாதவர்களை 12 மீட்டர் வரை கூட்டிப்போகலாம் என்பது விதி. இவர் உப்புவெளிக் கரைக்குப் பக்கத்தில் மணல் தரையில் ஐந்தாறு மீட்டரோடு நிறுத்திவிட்டார். "காது நொந்தா கையைக் காட்டுங்க, வெக்கப்படாதீங்க" என்று நூறு தடவை சொல்லியிருப்பார். தூண் பார்க்கவில்லை என்று மச்சாள் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். எனக்கு அது கடையின் குறையாகத் தெரியவில்லை.

குறை வேறு இருக்கிறது. மருத்துவப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும்தான். வருகிறவர்களில் பாதிப்பேர் நம்மூர்ச் சனம். ஆஸ்துமா, காது, இதயம் பற்றிய கேள்விகளைப் புரியாமல் 'இல்லை' என்று கோடு போட்டுவிட்டால் யார் பொறுப்பு? நானா வாயால் கேட்கிறார்தான், ஆனால் அவர் இல்லாத நேரம் நிற்கிற பையன் கேட்பதில்லை. தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள் அடித்து வைக்க என்ன செலவாகும்? பெண்கள் உடுப்பு மாற்றத் தென்னோலைத் தட்டி ஒன்று இருக்கிறது, கொக்கி இல்லை. காட் எடுக்க மாட்டார்கள், காசுதான். போட்டோ எடுத்துத் தருவதும் இல்லை. வட்ஸ்அப் செய்தி போட்டால் அடுத்த நாள்தான் நீலக்கோடு விழும். முதல் நாள் பின்னேரம் நேரே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். இஞ்சி போட்ட பிளேன்டீ கிடைக்கும், அதற்குக் காசு இல்லை.

ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரைதான் கடை. வாடை எழும்பினால் கடல் கலங்கி ஒன்றும் தெரியாது, பூட்டிவிடுவார். வெள்ளிக்கிழமை என்றால் ஒரே டைவ்தான். நானா ஜும்ஆவுக்குப் போக வேண்டும், பதினொரு மணிக்கு முன்னரே வள்ளம் கரைக்கு வந்துவிடும்.