இசையமைப்புப் பாடத்துக்கு எது? பேண்ட்லேபா, மியூஸ்ஸ்கோரா?

இரண்டும் இலவச இசை மென்பொருள்கள். பேண்ட்லேப் ஒலித்தடங்களை அடுக்க உதவுகிறது. மியூஸ்ஸ்கோர் இசைக்குறிப்பு எழுதுவதற்கானது.

குறிப்பு வாசிக்கத் தெரியாத மாணவரும் பேண்ட்லேபில் முதல் வகுப்பிலேயே ஒரு தாளத்தை அமைத்துவிடலாம். உலாவியிலேயே இயங்குவதால் நிறுவும் வேலையும் இல்லை. அதிலுள்ள ஆயத்த லூப்புகள்தான் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு இசைத்துண்டுகள்) என் கவலை. நான்கை அடுக்கினாலே கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் மாணவர் ஒரு சுரத்தைக்கூடத் தானே தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். எனவே தொடக்கப் பாடங்களில் லூப்புகளை விலக்கிவிட்டு, பியானோ ரோல் கட்டங்களில் (சுரத்தின் உயரத்தையும் நேரத்தையும் காட்டும் கட்டங்கள்) ஒவ்வொரு சுரமாக இடச் சொல்லுங்கள்.

மியூஸ்ஸ்கோர் முதலில் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அதில் எழுதும் ஒவ்வொரு சுரமும் மாணவரின் சொந்த முடிவு. வயலினின் மிகத் தாழ்ந்த ஜி சுரத்துக்கும் கீழே எழுதினால், அந்தச் சுரம் நிறம் மாறி எச்சரிக்கும். கருவிகளின் எல்லையைக் கற்பிக்க இது அருமையான வசதி. ஆனால் எழுதியதை மியூஸ்ஸ்கோர் வாசித்துக்காட்டும் ஒலியை முழுதாக நம்பக் கூடாது. மூச்சுவிட இடமே இல்லாத புல்லாங்குழல் வரியையும் தயங்காமல் வாசித்துவிடும்.

புதியவர்களுக்கு நான் பேண்ட்லேபையே பரிந்துரைப்பேன். சக மாணவர்கள் வாசிக்க வேண்டிய படைப்பு என்றால் மியூஸ்ஸ்கோர்தான். பேண்ட்லேபில் பிறந்த மெட்டைக் காதால் கேட்டு மியூஸ்ஸ்கோரில் எழுதவைத்தால், செவிப்பயிற்சியும் சேர்ந்தே நடக்கும்.