மாரிக்கு முன் வளவில் மீன்குளம்: தறப்பாளா, கிணற்று வளையமா?

குளிர்காலத்துக்கு மீன்குளத்தை ஆயத்தப்படுத்துவது எப்படி என்று தேடினால் பனிக்கட்டி, ஹீட்டர் என்றுதான் வரும். மட்டக்களப்பில் அதற்கெல்லாம் வேலையில்லை. மார்கழி விடியலில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கே குளத்தைச் சோதிப்பது மழை. வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே குழி தோண்டித் தறப்பாள் விரிப்பதா, கிணற்றுக்கு இறக்கும் கொங்கிறீட் வளையத்தை நிலத்துக்கு மேல் தொட்டியாக வைப்பதா என்பதை விலையைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். மாரியில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு மேலே வருகிறது என்று பாருங்கள்.

தறப்பாள் குளம் அழகு. அல்லி பூத்தால் வளவோடு வளவாகத் தெரியும், செலவும் குறைவு. கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை முழுக்க மணல்தானே, ஒரே நாளில் தோண்டிவிடலாம். சிக்கலும் அந்த மணலில்தான். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற இந்த நிலத்தில் அடைமழைக்குப் பிறகு ஊற்று மேலே ஏறி, சில கிணறுகளில் குனிந்தே வாளியால் அள்ளலாம். அந்த நீர் தறப்பாளைக் கீழிருந்து தள்ளும். குளம் நிறைந்திருக்கும் வரை உள்ளே இருக்கிற தண்ணீரின் பாரம் அதை அமத்திப் பிடிக்கும். கழுவுவோம் என்று பாதியை இறைத்துப் பாருங்கள், நடுவில் கவிழ்த்த சட்டி மாதிரிக் கிளம்பும். அல்லிச்சாடி சரியும், சேறு கலங்கும். கழுவுவதென்றால் ஆவணியோடு முடித்துவிட வேண்டும். வளவில் வெள்ளம் நின்றாலோ மீன் ஒழுங்கையில் நீந்தும், பிறகு யாருடைய மீன் என்று கேட்க முடியாது.

கிணற்று வளையத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அடியில் கொங்கிறீட் போட்டு, வளையத்தை வைத்துப் பொருத்தைச் சீமெந்தால் பூசினால் சரி. ஆனால் விளிம்புக்குச் சற்றுக் கீழே, மிஞ்சும் தண்ணீர் வெளியேற ஒரு குழாய் விட்டு, அதன் வாயில் நுளம்பு வலை கட்டாயம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இரவு மழையில் கப்பி மீன் குஞ்செல்லாம் வழிந்துபோகும். புதுச் சீமெந்தின் காரம் மீனைக் கொல்லும் என்பதால் தண்ணீரைப் பல தடவை மாற்றி ஊறவிட்ட பிறகே மீன் விட வேண்டும். அதனால் மாரி தொடங்கிய பிறகு அவசரப்பட்டுக் கட்டுவதில் பயனில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர் கொதிக்கும், நிழல் வேண்டும். பார்வைக்கும் அவ்வளவு லட்சணமில்லை. என்றாலும் எழுவான்கரைக்கு என் வாக்கு இதற்குத்தான்.

வாவிக்கு மேற்கே கொக்கட்டிச்சோலை, வவுணதீவுப் பக்கம் களிமண் வளவு வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை. குழியை வெட்டி அடியை நன்றாக மிதித்து இறுக்கினால் களியே தண்ணீரைப் பிடிக்கும். வெட்டிய மண்ணை ஓரமாக உயர்த்தினால் மிளகாய், கத்தரிக்கு மேட்டுப்பாத்தியும் கிடைக்கும். மாரியில் வேர் அழுகாமலிருக்க அந்த உயரம்தான் உதவும். ஒரேயொரு எதிரி, வயல் வெள்ளத்தோடு வருகிற விரால். ஒன்று நுழைந்தாலும் கப்பி மிஞ்சாது.

எதைத் தேர்ந்தாலும் மழைக்காலத்தில் தீனியைக் குறையுங்கள். நாட்கணக்கில் மப்பாக இருந்தால் தண்ணீரில் ஒட்சிசன் குறையும். விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அதனால்தான். தண்ணீரை வாளியால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினால் மீன்கள் கொஞ்சம் தெளியும். மீன் இல்லாமல் அல்லி மட்டும் வளர்க்கும் எண்ணம் வேண்டாம். மழை விட்டதும் டெங்குச் சோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். நுளம்பின் கூத்தாடிப் புழுவைத் தின்னக் கப்பி இல்லாத தொட்டியில் அந்தப் புழுவைத்தான் காண்பார்.