படித்துறையா, சன்னலோர வேம்பா?

கும்பகோணத்தில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. மதியத்துக்கு மேல் தலை கனத்தால் இரண்டு வழிகள்: காவிரிப் படித்துறைக்கு நடப்பது, அல்லது இருக்கையிலிருந்தே சன்னலுக்கு வெளியே நிற்கும் வேம்பைப் பார்ப்பது.

வேம்புக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதை அற்பமாக நினைக்காதீர்கள். மரம் தெரியும் சன்னலோரம் படுத்திருந்த அறுவை சிகிச்சை நோயாளிகள், செங்கற்சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று ராஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-இல் எழுதினார்.

ஆனாலும் என் மனம் படித்துறைப் பக்கமே. கடைசிப் படியில் உட்கார்ந்து கணுக்கால்வரை நீரில் விட்டால், மீன்குஞ்சுகள் வந்து விரலிடுக்கைக் கொத்தும்; இறுகிக் கிடந்த கழுத்து தானாகத் தளரும். 2019-இல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வில், 20 முதல் 30 நிமிடம் இயற்கையோடு இருந்தபோதுதான் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் மிக வேகமாகக் குறைந்தது. அந்த நேரத்தில் கைப்பேசியைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை. எனக்கு அதுதான் கடினம்.

குறை ஒன்று உண்டு. வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். பிறகு ஆற்றில் மணல்தான். வெயிலோ மண்டையைப் பிளக்கும். அப்போது வேம்பிடமே திரும்பிவிடுகிறேன். சித்திரையில் அதன் பூவாசம் மேசைவரை வருகிறது.